சத்தம் மட்டுமே உள்ள படம்

அன்பு மாப்பிள்ளை முருகேசா,

நீ ஆசையாகப் பார்த்த அந்த ராக் பேண்டு படம் போனில் வந்துவிட்டது. நேற்று மத்தியானம் செல்வியை உட்காரவைத்து, ஸ்பீக்கர் மாட்டிப் போட்டுக் காட்டினேன். உனக்குப் பிடித்த படம், என் தங்கச்சிக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

விமர்சனக்காரர்கள் கிழித்துத் தொங்கவிட்ட படம் அல்லவா? கதையே இல்லை, வெறும் இரைச்சல் என்றார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்ததால்தான் பொன்னேரி தியேட்டரில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். இடைவேளையில் கிளம்பிவிடலாம் என்றேன்.

"இரு மச்சான். எத்தினி நாள் கழிச்சி ஒரு படம் எனக்கு முழுசா கேக்குது. டிரம்ஸு நெஞ்சுல வந்து இடிக்குது பாரு" என்றாய்.

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் மிஷினோடு ஒன்பது வருஷம் நின்று உன் காது போனது கூட வேலை பார்த்த எனக்கு மட்டும்தான் தெரியும். மற்ற படங்களில் பக்கத்து சீட்டுக்காரன் சிரித்தால் நீயும் சிரிப்பாய். அன்றைக்கு அது தேவைப்படவில்லை. இடைவேளைக்குப் பிறகு நானும் ரசித்துப் பார்த்தேன். எவன் என்ன சொன்னால் என்ன, நல்ல படம் அது.

படம் பார்த்த அடுத்த மாதம் கம்பெனியில் காது பரிசோதனை வந்தது. கான்ட்ராக்ட் ஆளுக்குக் காது போனால் வேலையும் போகும். கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டி உன்னை உட்காரவைத்தார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். வெளியே நர்ஸம்மாவுக்குப் பின்னால் வரிசையில் நின்ற நான், சத்தம் அனுப்ப அவர் மிஷினைத் தட்டும்போதெல்லாம் மூக்கைச் சொறிந்தேன். என்னைப் பார்த்துப் பார்த்து நீ பட்டனை அழுத்தினாய். 'நார்மல்' என்று சீட்டு வந்தது. டீக்கடையில் விழுந்து விழுந்து சிரித்தோமே!

அதிலிருந்து பதினோராம் நாள், சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி உனக்குப் பின்னால் ரிவர்ஸில் வந்தது. அதன் 'பீப் பீப்' ஷெட்டில் எல்லோருக்கும் கேட்டது. நீ திரும்பவே இல்லை.

காது நன்றாகத்தான் இருந்தது, கவனக்குறைவு என்று கம்பெனி எழுதிவிட்டது. செல்வி உன் போட்டோவைப் பார்த்துத் திட்டுகிறாள். "பின்னாடி வண்டி வர்றதுகூடவா கவனிக்கல? எங்கள நெனச்சியாய்யா நீ?"

நேற்று படம் முடிந்ததும் என்னைக் கேட்டாள். "இன்னாண்ணா இது, ஒரே சத்தமா கீது. இதப் போயி ஒரு வாரமா சொல்லிக்கினு இருந்தாரே. இதுல அவருக்கு இன்னா புடிச்சுது?"

"டிரம்ஸு புடிக்கும்மா அவனுக்கு" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் நீ திரும்பி வரப் போவதில்லை, முருகேசா. கம்பெனியில் என் வேலையும் போய்விடும். அவள் என்னை மன்னிக்கவும் மாட்டாள், மன்னிக்கவும் கூடாது. இதில் யாருக்கும் ஒரு நல்லதும் கிடையாது. ஆனால் செய்யாத தப்புக்கு நீ தினமும் திட்டு வாங்குகிறாய். நாளைக்குக் காலையில் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
இன்று மட்டும் அவளுக்கு அண்ணனாக இருக்கும்
உன் மச்சான்