பிழைக் கணக்கை எடுக்க மாட்டேன், பரமேஸ்

என் வாயாடி நாத்தனாருக்கு,

நீ கண்ணை மூடியபின் உன்னோடு நான் சண்டை போடாத நாளே இல்லை. சோறு வடிக்கும்போது போடுகிறேன், பஸ்ஸில் போடுகிறேன். எதிரில் ஆளில்லாத சண்டையில் நான்தானே ஜெயிக்க வேண்டும்? அதுவும் நடக்கவில்லை. இன்று எழுதியே தீர்ப்பது என்று உட்கார்ந்துவிட்டேன். நாலு பேர் படிக்கட்டும்.

முதலில் செய்தி. உன்னை டிக்கோயா ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றிலிருந்து பதினோராம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர் இல்லை. "ஆள் வருவாங்க, வருவாங்க" என்று பள்ளிக்கூட அதிபர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். லிந்துலைக்கு மேலே இந்தத் தோட்டம் வரை மலையேறி யாரும் வரவில்லை. கணக்கில் தேறாவிட்டால் உன் வகுப்புப் பிள்ளைகளின் படிப்பு சாதாரண தரப் பரீட்சையோடு நின்றுவிடும், நேராகக் கொழும்பில் கடை வேலைக்குத்தான் போவார்கள். என் வகுப்புகளை விட்டுவிட்டு அங்கேயும் போய் நிற்க என்னால் முடியாது. அதனால்தான் உன் பாடத்தைப் போனில் எடுக்கத் துணிந்தேன்.

கேட்டால் குதிப்பாய், தெரியும். கொரோனா நேரத்தில் என்ன சொன்னாய்? "போன்ல என்னா பாடம் மதினி? புள்ளைக முழிக்கிற முழிய பாக்காம எப்புடி சொல்லிக் குடுக்குறது?" சரிதான் தாயே. ஆனால் அந்த முழியைப் பார்க்க நீ இல்லையே! என்னைத் தனியே விட்டுவிட்டுப் போனவளுக்கு இதைக் கேட்க என்ன உரிமை இருக்கிறது?

முதல் பாடத்தைப் பார்த்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய். உன் அண்ணன் போனைப் பிடிக்க, யாருமில்லாத வகுப்பறையில் ஒரு பாடவேளை முழுக்க மூச்சுவிடாமல் பேசினேன். நடுவில் பழக்கதோஷத்தில் "வெளங்குச்சா?" என்று கேட்டு, கொஞ்சம் பொறுத்து, "ஆ, சரி" என்று தலையாட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருக்கிறேன். வெறும் பெஞ்சிடம்! தலவாக்கலையில் போன் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, "கோவிச்சுக்காதீங்க டீச்சர், இத யாரும் முழுசா பாக்க மாட்டாங்க. புள்ளைக்கு போன் கெடைக்கிறதே அப்பா வேல விட்டு வந்த பொறகுதான்" என்றார். துண்டு துண்டாக வெட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஒரு துண்டுக்கு ஒரே விஷயம். சிக்னல் கிடைக்கும் இடத்தில் இறக்கிக்கொண்டு, லயத்து வீட்டுக்குப் போய் ஆறுதலாகப் பார்க்கலாம்.

ஒழுங்கு வந்துவிட்டது, உயிர்தான் வரவில்லை. எல்லாரும் கட்டைவிரல் படத்தைத் தட்டி அனுப்பினார்கள். பயிற்சிக் கணக்கைக் கேட்டால் ஒருவரிடமும் இல்லை.

அப்போதுதான் உன் வகுப்பு ஞாபகம் வந்தது. நீ ஒருநாளும் "வெளங்குச்சா" என்று கேட்டவள் இல்லை. வேண்டுமென்றே ஒரு கணக்கைப் பிழையாகப் போட்டுவிட்டு, வெண்கட்டியோடு பேசாமல் நிற்பாய். "பிழை டீச்சர், பிழை!" என்று வகுப்பே கத்தும்வரை அசைய மாட்டாய். நம் வகுப்புகளுக்கு நடுவில் இருந்த தட்டிக்கு இந்தப் பக்கம் பாடம் எடுக்க முடியாமல் நான் உன்னைத் திட்டிய திட்டு கொஞ்சமா?

அதையே செய்தேன். துண்டுக்கு ஒரு பிழை. அடைப்புக்குறியை உடைக்கும்போது உள்ளே குறியை மாற்றாமல் விட்டேன். "எங்க பிழை, ஏன் பிழைன்னு பேசி அனுப்புங்க. அப்பதான் அடுத்த பாடம்" என்றேன். அன்று மாலையிலிருந்து என் போன் ஓயவில்லை. பின்னால் தம்பி தங்கச்சிகள் கத்த, அதற்கு மேலே இவர்கள் கத்துகிறார்கள்.

பாடங்களை இணையத்தில் ஏற்றும் கொழும்பு அலுவலகம் ஒன்றுக்கும் அனுப்பினேன். அவர்கள் எடுத்துக்கொண்டால், உடப்புசல்லாவைப் பக்கம் டீச்சர் இல்லாத தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் போய்ச் சேரும். அங்கே பொறுப்பாக இருக்கும் ஐயா கூப்பிட்டார்.

"பாடம் நல்லா இருக்கு டீச்சர். ஆனா பிழையான கணக்க எங்களால போட ஏலாது. அதெல்லாம் எடுத்துட்டு, கடைசியில 'விளங்கியது'ன்னு ஒரு பட்டன் வைப்போம். அத அமத்தினா அடுத்த பாடம்."

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ! "எல்லாரும் அமத்துவாங்க சார். காலையில வேல பிரிக்கிற பெரட்டுக் களத்துல தோட்டத்து தொரை என்னா சொன்னாலும் 'சரிங்கய்யா' சொன்ன சனம் நாங்க. அதையே புள்ளைகளுக்கும் பழக்கச் சொல்றீங்களா?"

"அப்ப மாத்த மாட்டீங்க?"

"மாட்டேன்."

போனை வைத்துவிட்டேன். "வந்ததையும் கெடுத்துக்கிட்டியே" என்று உன் அண்ணன் ஒருநாள் முழுக்க முணுமுணுத்தார். அந்த மற்றப் பிள்ளைகளுக்கு வர இருந்ததை நான் தட்டிவிட்டேனா? நீயே சொல்லேன்.

அதற்கு அடுத்த நாள் தர்ஷினி பேசி அனுப்பியிருந்தாள். கடைசி பெஞ்ச் தர்ஷினி, பேர் கூப்பிட்டால்கூட வாய் திறக்காதவள். "டீச்சர், நீங்க வேணும்னு விட்ட பிழை மூணாவது வரியில இருக்கு. ஆனா கடைசி வரியிலயும் ஒண்ணு இருக்கு டீச்சர். ரெண்டு பக்கமும் வகுக்கணும், நீங்க ஒரு பக்கந்தான் வகுத்திருக்கீங்க. அதுவும் வேணும்னு விட்டதா, இல்ல உண்மையாவே பிழையா?"

உண்மையாகவே பிழைதான், பரமேஸ். நான் கவனிக்கவே இல்லை. வெட்கத்தில் முகம் சுட்டது. பிறகு அடுப்படியில் நின்று சிரித்தேன், சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது. டீச்சரைப் பார்த்து அவள் அப்படிக் கேட்டுவிட்டாள், தெரியுமா? கொழும்பு ஐயாவுக்குத் தெரிந்தால் "அப்பவே சொன்னேனே" என்பார். சொல்லட்டும்.

அந்தத் துண்டை நான் அழிக்கவில்லை. தர்ஷினியின் பேரைச் சொல்லி, அவள் குரலைக் கடைசியில் ஒட்டி எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன். யார் வழியாகப் போனதோ, உடப்புசல்லாவையிலிருந்து தெரியாத பிள்ளை ஒன்று அடுத்த பாடத்தைக் கேட்கிறது. அலுவலகம் போடாவிட்டால் போனுக்குப் போன் போகட்டும்.

உனக்குச் சத்தியம் செய்கிறேன். உன் பிள்ளைகள் பரீட்சை மண்டபத்துக்குள் போகும்வரை இந்தப் பாடம் நிற்காது. யார் கேட்டாலும் பிழைக் கணக்கை எடுக்க மாட்டேன், தெரியாமல் விட்டதையும் மறைக்க மாட்டேன். முன்பெல்லாம் என்னைத் திருத்த நீ ஒருத்திதான் இருந்தாய். இப்போது ஒரு வகுப்பே இருக்கிறது.

யாருக்கும் அடங்காத,
உன் மதினி