படகுக்கு ஒரு சார்ஜர்

மார்ச் 3, திங்கள்

படகு கரையிலேயே நிற்கிறது. அவரும் வீட்டில்தான். இருவரும் பேசிக்கொள்வதில்லை என்று எழுதினால் பொய். "தண்ணி", "துண்டு எங்க" என்ற அளவுக்குப் பேசிக்கொள்கிறோம்.

போன வாரம் நடந்ததை எழுதாமல் தள்ளிப்போட்டேன். எழுதித் தொலைக்கிறேன். மூடுபனியில் படகு வழி தவறிவிட்டது. சிக்னல் இல்லாமலே வழி காட்டும் வரைபடம் அவர் போனில் இருக்கிறது. போன் சார்ஜரில்தான் இருந்ததாம். ஆனால் இன்ஜின் குலுக்கிய குலுக்கலில் சார்ஜர் சாக்கெட்டிலிருந்து நழுவி வெளியே வந்திருக்கிறது. அதை யாரும் பார்க்கவில்லை. போன் அணைந்த பிறகு கரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. பாறைப் பக்கம் போய்விடுவோமோ என்று நங்கூரத்தைப் போட்டுவிட்டு, பனி விலகும்வரை அவரும் சின்னவரும் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவர் என்றால் அவர் தம்பி. படகில் இவர்கள் இரண்டு பேர்தான்.

நான் இங்கே போன் போட்டபடி இருந்தேன். தொடர்புகொள்ள முடியவில்லை என்று ஒரு பெண் அவ்வளவு பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளை அறைய வேண்டும் போல இருந்தது.

மார்ச் 5, புதன்

நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு ஐஸ் கம்பெனி மேனேஜர் இருமல் மருந்து வாங்க வந்தார். மெஷின் ரூமுக்கு ஆள் வேண்டுமாம். "உங்க வீட்டுக்காரர் வந்தா மாசக் கடைசி வரைக்கும் வேற யாரையும் போடமாட்டேன்" என்றார்.

சாப்பிடும்போது சொன்னேன், கடலை விட்டுவிடச் சொல்லி. நிதானமாக மென்று முடித்துவிட்டுச் சொன்னார்: "சரி. சாக்கெட், சார்ஜர், வயர் எல்லாம் நீயே பாத்து வாங்கு. அதுக்கப்புறமும் அதால கடல்ல ஒரு தொல்லை வந்தா, நான் ஐஸ் கம்பெனிக்கே போயிடறேன்."

"படகு?"

"தம்பி பாத்துப்பான்."

சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் யோசிக்க யோசிக்க எரிச்சலாக வருகிறது. எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டார். நான் மட்டமானதாக வாங்கிக் கொடுத்தால் அவர் கரைக்கு வந்துவிடுவார். ஆனால் அது கெட்டுப்போகிற நேரத்தில் அவர் எங்கே இருப்பார்? கடலில். இதில் நான் எப்படி ஜெயிப்பது?

மார்ச் 6, வியாழன்

படகுச் சாமான் கடை. கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது நீல விளக்கு எரியும் சாக்கெட். "இதத்தான் எல்லாரும் வாங்கறாங்க" என்றார். எல்லாரும் வாங்குகிற மாத்திரையைத்தான் நானும் தினம் விற்கிறேன். யாருக்கு அதனால் குணமாகிறது என்று எனக்குத் தெரியும்.

விளக்கு எப்போதும் எரியுமா என்று கேட்டேன். எரியுமாம். படகு சும்மா நிற்கும் நாளிலும் அது பேட்டரியைக் குடிக்காதா என்றேன். குடிக்குமாம், கொஞ்சமாக. உப்புத் தண்ணீர் பட்டால்? மூடி இருக்கிறதாம். மூடியை நிமிண்டிப் பார்த்தேன், கையோடு வந்துவிட்டது. அவர் அதை வாங்கி உள்ளே வைத்தார்.

பிறகுதான் நல்ல சரக்கு வெளியே வந்தது. காரில் சிகரெட் பற்றவைக்க இருக்குமே, அந்த மாதிரி அகல வாய் சாக்கெட் ஒன்று. திருகிப் பூட்டுகிற சாக்கெட் ஒன்று. நேராக யூஎஸ்பி வயரைச் செருகுகிற சாக்கெட் ஒன்று. மூன்றையும் வாங்கினேன். மூன்றுக்கும் தனித்தனி சார்ஜர். பிடிக்காததைத் திருப்பித் தருவேன் என்று சொல்லித்தான் வாங்கினேன். கடைக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

மார்ச் 8, சனி

இன்றைய கூத்து: துணி துவைக்கும் மெஷினின் முதுகில் மூன்று சாக்கெட்டையும் சின்னவரை விட்டு இறுக்கிக் கட்டச் சொன்னேன். பக்கத்தில் படகு பேட்டரி. உள்ளே இரண்டு ஜமுக்காளத்தை நனைத்துப் போட்டுப் பிழியும் ஓட்டத்தில் விட்டேன். மெஷின் சாமி வந்தது போல ஆடியது.

அகல வாய்க்காரன் கொஞ்ச நேரத்திலேயே சார்ஜரைத் துப்பிவிட்டான். போன வாரம் கடலில் நடந்தது இதுதான். யூஎஸ்பி விழவில்லை. ஆனால் போனில் சார்ஜ் ஏறுகிற குறி வந்து வந்து போனது. திருகிப் பூட்டுகிறது மட்டும் அசையவில்லை.

அதை மூடி போட்டு உப்புத் தண்ணீர் பக்கெட்டில் ஊறப்போட்டிருக்கிறேன். அவர் குளிக்கப் போனவர் பக்கெட்டைப் பார்த்துவிட்டு வந்து, "ஊறுகாயா?" என்றார். ஒரு வாரத்துக்குப் பிறகு நான் சிரித்தேன். சிரித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

மார்ச் 10, திங்கள்

பக்கெட்டிலிருந்து எடுத்துத் துடைத்துத் திறந்தேன். உள்ளே ஒரு சொட்டு இல்லை. சின்னவர் படகில் மாட்டிவிட்டார். நான் சொன்னபடி தனி ஃபியூஸ், தனி சுவிட்ச், உப்பு அரிக்காத வெள்ளீயம் பூசிய கம்பி. எல்லாம் சரி பார்த்தாயிற்று.

மார்ச் 11, செவ்வாய்

கிளம்பிவிட்டார்கள்.

மார்ச் 12, புதன்

தீவுப் பக்கம் சிக்னல் கிடைத்ததும் கூப்பிட்டார். எடுத்த எடுப்பிலேயே, "தொண்ணூத்தெட்டு பர்சென்ட்" என்றார். வேறு விசாரிப்பே கிடையாது. கடையில் நாளெல்லாம் வாயெல்லாம் பல்லாக நின்றேன்.

மார்ச் 13, வியாழன்

காற்று. மதியமே கடை போர்டு ஆடத் தொடங்கிவிட்டது. எல்லாப் படகும் கரைக்குத் திரும்பச் சொல்லி ரேடியோவில் அறிவித்துவிட்டார்களாம். ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கிறது. நம்முடையது வரவில்லை.

போன் போகவில்லை. அது சிக்னல் இல்லாத இடம், போகாதுதான். எனக்குத் தெரியும். தெரிந்தும் போட்டேன்.

துறைமுக அலுவலகத்துக்குப் போனேன். ரேடியோ ஆபரேட்டர் படகு நம்பரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். நிறுத்துகிறார். கேட்கிறார். மறுபடி கூப்பிடுகிறார். அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. இரைச்சல்கூட இல்லை. "ரேடியோவ ஆஃப் பண்ணி வச்சிருக்காங்களோ?" என்று என்னைக் கேட்டார். என்னைக் கேட்டால்? அவர் ரேடியோவை அணைக்கிற ஆள் இல்லை. தூங்கும்போதும் பக்கத்தில் முணுமுணுக்க வேண்டும் அவருக்கு.

அப்போ ஏன் பதில் வரல? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல என்ன கேடு?

மகளிடம் அப்பா வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

மார்ச் 14, வெள்ளி

வந்துவிட்டார்கள்.

முன் கண்ணாடி உடைந்திருக்கிறது. சின்னவருக்கு நெற்றியில் தையல். அவருக்கு ஒன்றுமில்லை, குரல்தான் போய்விட்டது. அலை எழும்பிய பிறகுதான் விஷயமே தெரிந்ததாம். போனில் வரைபடத்தைப் பார்த்துப் பார்த்துத் தீவின் மறைவுக்குப் போய் ஒதுங்கியிருக்கிறார்கள். போன் கடைசிவரை அணையவில்லை.

அறிவிப்பு ஏன் கேட்கவில்லை என்றேன். "ரேடியோ சரியில்ல" என்றார். சுவரைப் பார்த்துச் சொன்னார்.

மார்ச் 15, சனி

எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. எழுதுகிறேன்.

சின்னவர் கட்டுப் போட்ட தலையோடு வந்தார். டீ கொடுத்தேன். ரேடியோவைப் பழுது பார்க்க ஆளைக் கூப்பிடலாமா என்று கேட்டேன். சார்ஜர் மட்டும் இல்லையென்றால் உங்கள் கதி என்ன ஆகியிருக்கும் என்று நான் வேறு பெருமையடித்தேன்.

"ரேடியோவுக்கு ஒண்ணும் இல்ல அண்ணி. அந்த சார்ஜர்தான்."

சார்ஜரைச் செருகினால் ரேடியோவில் 'ஙொய்ங்' என்று இரைச்சல் வருகிறதாம். காது கிழிகிறதாம். ரேடியோவில் இரைச்சலை அடக்க ஒரு குமிழ் உண்டு. அவர் அதைத் திருகிக் கூட்டியிருக்கிறார். இரைச்சல் போய்விட்டது. கூடவே தூரத்திலிருந்து வரும் மெல்லிய குரலும் போய்விட்டது. அந்தக் குரல்தான் புயலைச் சொல்லியிருக்கிறது. ஆபரேட்டர் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாரே, அதுவும் அந்தக் குரல்தான். அலையில் ஒருமுறை கை பட்டுச் சார்ஜரின் சுவிட்ச் அணைந்து, குமிழையும் குறைத்துப் பார்த்தபோதுதான் சின்னவருக்குப் புரிந்திருக்கிறது.

மெஷினில் கட்டி ஆட்டினேன். உப்பில் ஊறவைத்தேன். ரேடியோ பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. ரேடியோ படகில் இருக்கிறது. நான் எல்லாவற்றையும் வீட்டில் வைத்தே சோதித்தேன். எனக்குத் தோணவே இல்ல. ஒரு மாத்திரை இன்னொரு மாத்திரையோட சேந்தா ஆகாதுன்னு தினம் பத்துப் பேருக்குச் சொல்றவ நான்.

அவரிடம் நேரே போய், ஏன் மறைத்தீர்கள், பந்தயத்தில் தோற்றுவிடுவோம் என்றா என்று கேட்டேன்.

"அதுவும்தான்" என்றார். பிறகு கம்மிப்போன குரலிலேயே சொன்னார்: "நீ பக்கெட்ட வச்சுக்கிட்டு உக்காந்திருந்தியே. உன்கிட்ட போயி அதாலதான் மாட்டிக்கிட்டோம்னு எப்படிச் சொல்றது?"

அழுதேன். அவர் துண்டைக் கொடுத்தார். மீன் நாற்றம் அடிக்கிற துண்டு.

மார்ச் 17, திங்கள்

பந்தயப்படி நான் ஜெயித்துவிட்டேன். என் சார்ஜர்தான் அவர்களைக் கொல்லப் பார்த்தது, அதனால் ஜெயித்தேன். இந்த ஜெயிப்பை எந்த முகத்தோடு வாங்கிக்கொள்வது?

இன்னொன்றும் உறுத்துகிறது. அவர் ஐஸ் கம்பெனியில் இருந்தால் சின்னவர் தனியாகப் போவார். போகிற ஆள்தான் குறையும். காற்றடித்தால் துறைமுக அலுவலகத்தில் போய் நான் அப்போதும் நிற்பேன்.

மதியம் ஐஸ் கம்பெனிக்குப் போய், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்காரரைக் கேட்டாயா என்றார் மேனேஜர். கேட்கவில்லை என்றேன். அவரிடம் இன்னும் சொல்லவும் இல்லை.

மார்ச் 19, புதன்

கடைக்காரர் இந்தத் தடவை வாதாடவில்லை. திருகிப் பூட்டும் சாக்கெட்டுக்குப் பொருந்துகிற சார்ஜர் எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிக் கொடுத்து, வைத்துப் பார்த்துவிட்டு மிச்சத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

கட்டியிருந்த படகில் போய் உட்கார்ந்தேன். ரேடியோவைப் போட்டு, குமிழைக் குறைத்து, போனையும் மாட்டி, ஒவ்வொரு சார்ஜராகச் செருகினேன். அவர் கைரேடியோவோடு அலைத்தடுப்பின் கோடியில் நின்றார். என்ன பேசுவதென்று தெரியாமல், "கேக்குதா, கேக்குதா, நேத்து கொழம்புல உப்பு கம்மி" என்றார். துறைமுகம் முழுக்கக் கேட்டிருக்கும். இரண்டு படகிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

பளபளப்பான சார்ஜர் எல்லாம் இரைந்தன. ஒன்று மட்டும் இரையவில்லை. கறுப்பாக, கனமாக, விளக்கு கிளக்கு இல்லாமல் ஒரு சோப்பு டப்பா மாதிரி இருக்கிறது. கடைக்காரர் அதைப் பையின் அடியில் போட்டிருந்தார்.

கரையில் சரி. தூரத்தில், குரல் மெலிந்து வருகிற இடத்தில்? அங்கே போய்க் கேட்டால்தானே தெரியும். நானும் வருகிறேன் என்றேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். "தொப்பி எடுத்துக்க" என்றார். ஐஸ் கம்பெனி விஷயத்தை அப்போதுதான் சொன்னேன். மேனேஜர் நேற்றே சொல்லிவிட்டாராம்.

மார்ச் 22, சனி

படகில் உட்கார்ந்து எழுதுகிறேன். கோழி கிண்டியது போல இருக்கிறது எழுத்து. மகளை என் தங்கை வீட்டில் விட்டு வந்தேன். காலையில் இரண்டு முறை வாந்தி. இப்போது பரவாயில்லை. கரை கண்ணுக்குத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது. அதையும் எழுதிவைக்கிறேன்.

அவர்கள் இருவரும் பின்பக்கம் வலை இழுக்கிறார்கள். வலையில் நல்ல மீன்பாடு போல; சின்னவர் விசில் அடிக்கிறார். என் வேலை ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. போன் சார்ஜரில் இருக்கிறது, ஏறிக்கொண்டிருக்கிறது.

—

கொஞ்ச நேரம் முன்பு ரேடியோ பேசியது. ரொம்ப மெல்லிசாக, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. மதியத்துக்கு மேல் காற்று வலுக்கும், சின்னப் படகுகள் கரை திரும்பவும் என்றார்கள். இன்ஜின் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லை. எழுந்து போய்ச் சொன்னேன்.

சின்னவர் வானத்தைக் காட்டினார். துடைத்து வைத்தது போல நீலம். இன்னும் ஒரு இழுப்புதான் அண்ணி என்றார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார், வலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நல்லா கேட்டியா?"

"கேட்டேன்."

மறுபேச்சுப் பேசாமல் போய்ப் படகைத் திருப்பினார்.

இப்போது திரும்பிக்கொண்டிருக்கிறோம். சின்னவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். காற்றையே காணோம். அது வராமல் போனால் இந்த இரண்டு பேரும் வருஷம் முழுக்க என்னை ஓட்டித் தள்ளிவிடுவார்கள். தள்ளட்டும்.