நாலால் வகுபடாத ஐம்பது

ஜூலை 9, செவ்வாய்

கணக்கு வந்துவிட்டது. பதினாலு மாதம்! கரண்ட் போவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் திரையில் அணுக்கள் வளைந்தன.

மின்னூட்டமே இல்லாத அணு. எலெக்ட்ரான் காந்தப்புலத்தில் வளைவதுபோல அது வளையாது. ஆனால் அசைவே நின்றுபோகும் அளவுக்குக் குளிர்வித்து, லேசர் ஒளியால் போட்ட கட்டங்களில் விட்டு, ஒரு கட்டத்தைச் சுற்றி வரும்போதெல்லாம் அதன் அலையைக் கால் சுற்றுத் திருப்பிவிட்டால் வளைகிறது. காந்தமில்லாமலே. வெளிநாட்டில் நிஜ அணுக்களை வைத்துச் செய்கிறார்கள். தஞ்சாவூரில் எங்களுக்கு இருப்பது ஒரு கணினி. நாற்பதுக்கு நாற்பது கட்டம்.

முதலில் சொன்னது செம்மொழி அண்ணனிடம். வழிகாட்டி பரணிதரன் சாரிடம்கூட அப்புறம்தான். அண்ணன் ஆய்வில் எனக்கு இரண்டு வருடம் சீனியர். குத்தாலத்தில் எங்களுக்கு அடுத்த தெரு. "ஏ மதி, கெடச்சிடுச்சா? இனிமே ஒன்ன கையில புடிக்க முடியாதே!"

ஜூலை 21, ஞாயிறு

ஊர். குத்தகைக்கு எடுத்த மூணு மா நிலத்தில், குறுவை நெல்லுக்கு அம்மா களை எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வரிசையில் செம்மொழி அண்ணனின் அம்மா, ஈஸ்வரி அத்தை.

"என்னடி கண்டுபுடிச்ச?" என்றாள் அம்மா.

சொன்னேன்.

"இல்லாத காந்தத்த இருக்குன்னு நம்ப வெக்கிறியா? அதுக்குப் பேரு ஏமாத்து."

"இதுக்கா இத்தன வருசப் படிப்பு?" என்றார் அத்தை. "நம்ம வார்டு மெம்பரு ஒரே நாள்ல செஞ்சிட்டுப் போயிடுவாரே."

சேற்றில் நின்றபடி மூவரும் சிரித்தோம்.

ஆகஸ்ட் 14

அண்ணனின் உதவித்தொகை நீட்டிப்புக்கு ஏதாவது வேலை காட்ட வேண்டுமாம். "ஒன் புரோகிராம குடு மதி, ஓட்டிப் பாத்துட்டுத் தரேன்." கொடுத்தேன். நமக்குள் நாமே கொடுக்காவிட்டால் வேறு யார் கொடுப்பார்கள்?

செப்டம்பர் 30, திங்கள்

என் கணக்கு கட்டுரையாக இணையத்தில் இருக்கிறது. என் பெயர் இல்லை. செம்மொழி, பரணிதரன். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், 'கணினி உதவிக்காக அறிவுமதிக்கு நன்றி.' பத்திரிகைக்கும் அனுப்பியாகிவிட்டதாம்.

சார் அறைக்குப் போனேன்.

"டைப் பண்றது வேற, ஆராய்ச்சி வேறம்மா. ஒங்களுக்கெல்லாம் சீட்டுக் கெடச்சதே பெருசு. அதுக்குள்ள பேரும் வேணுமா?"

ஒங்களுக்கெல்லாம். அந்த 'எல்லாம்' செம்மொழியையும் சேர்த்துத்தான். அவரும் அங்கேதான் நின்றார். சுவரைப் பார்த்துக்கொண்டு.

வெளியே வந்ததும், "நான் என்ன பண்ண? சார் கையெழுத்துப் போடலேன்னா என் கத முடிஞ்சிது" என்றார்.

சார் செய்தது எனக்கு அதிர்ச்சி இல்லை. அவர்மாதிரி ஆட்களை நம்பி நான் எதையும் கொடுத்ததில்லை. இவரை நம்பிக் கொடுத்தேன்.

அக்டோபர் 2

விடுமுறை. செம்மொழி மூன்று முறை போனில் கூப்பிட்டார். எடுக்கவில்லை.

அக்டோபர் 5, சனி

கட்டுரையின் நடுநாயகமான படத்தை இன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன். 'எதிர்பாராத புதிய ஓட்டம்' என்று கொண்டாடியிருக்கிறார்கள். ஒரே கோடாக, மேலிருந்து கீழே, அணுக்கள் ஓடுகின்றன.

என் கணக்கில் அப்படி எதுவும் இல்லையே?

அகலத்தைப் பார்த்தேன். ஐம்பது. படம் பெரிதாக இருக்கட்டும் என்று செம்மொழி நாற்பதை ஐம்பதாக்கியிருக்கிறார்!

பாயைச் சுருட்டுவதுபோல வலது ஓரத்தை இடது ஓரத்தோடு ஒட்டித்தான் இந்தக் கணக்கைப் போடுவோம். கட்டத்துக்குக் கால் சுற்று. நாலு கட்டம் தாண்டினால் முழுச் சுற்று. ஆகவே அகலம் நாலால் வகுபட வேண்டும். ஐம்பதில் இரண்டு மிச்சம். ஒட்டிய இடத்தில் மட்டும் புலம் தலைகீழாகிவிடும். அவர்கள் கண்டுபிடித்தது அந்தத் தையலை.

சத்தமாகச் சிரித்தேன். பிறகு புரோகிராமைத் திறந்து வரிவரியாகத் தேடினேன். இந்த விதியை நான் புரோகிராமில் எங்கேயும் எழுதவில்லை. என் தலைக்குள் மட்டும் இருந்தது. மறந்தேனா — இல்லை, எனக்கென்று ஒன்று இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேனா?

அக்டோபர் 19

இன்னும் சொல்லவில்லை. சொன்னால் திருத்திக்கொண்டு, மறுபடி நன்றி சொல்வார்கள். மாட்டட்டும்.

நவம்பர் 28, வியாழன்

விடாத மழை. ஊரில் சம்பா முழுகிக் கிடக்கிறது என்று அம்மா போனில் அழுதாள்.

மத்தியானம் சார் கூப்பிட்டனுப்பினார். பத்திரிகையின் மதிப்பீட்டாளர் அந்த ஓட்டத்தை நம்பவில்லையாம். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். இத்தனை நாளில் முதல்முறை.

"ஒன் பேர முதல்ல போட்டுடலாம்மா. கணக்குப் போட்டது நீதானே? பதிலும் நீயே எழுதிடு."

செம்மொழி தலையாட்டினார். "ஆமா மதி, ஒனக்குத்தான் இது அத்துப்படி."

செப்டம்பரில் டைப் பண்ணினவள்.

"ஐம்பது நாலால வகுபடாது சார்" என்றேன். இருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அகலத்தை ஐம்பத்திரண்டாக்கி, அங்கேயே அவர்கள் எதிரில் ஓட்டிக் காட்டினேன். கோடு காணாமல் போனது.

"எப்பத் தெரியும் ஒனக்கு?" செம்மொழியின் குரல் உடைந்திருந்தது.

"அக்டோபர்ல."

"சொல்லியிருக்கலாமே, மதி."

பெயரும் வேண்டாம் என்று எழுந்து வந்தேன்.

டிசம்பர் 11

வழிகாட்டியை மாற்றக் கோரி விண்ணப்பம் கொடுத்தேன். "சாரோட ஒப்புதல் கடிதம் வேணும்ங்க" என்கிறது அலுவலகம். எந்தச் சாரோட? அதே சாரோட.

ஜனவரி 23, வியாழன்

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இணையத்தில் ஆங்கிலத்தில் நாலு வரி அறிவிப்பு: 'அறிவுமதி எழுதிய கணினி நிரலில் இருந்த பிழையால்.' ஆசிரியர்கள் வருத்தம் தெரிவிக்கிறார்களாம். செம்மொழிக்கு நீட்டிப்பு வந்துவிட்டது.

ஊரில் அறுப்பு மிஷின் இன்றுதான் இறங்கியிருக்கிறது. மூணு மாவில் வெள்ளத்துக்குத் தப்பித்த ஒரு மாவுக்கு. அந்தச் சத்தத்துக்கு நடுவே அம்மா போனில் கத்தினாள்:

"ஏண்டி, அந்தக் காந்தக் கணக்குல ஒம் பேரு வந்துடுச்சாமே! ஈஸ்வரி சொன்னா, அவ மவன் சொன்னானாம்."

"வந்துடுச்சும்மா" என்றேன்.