சாம்பிராணி வாசனை

அம்மாவுக்கு அருள்மொழியின் வணக்கம். முட்டி வலி தேவலையா? குழந்தை என்னைத் தேடி அடம்பிடிக்காமல் பால் குடிக்கிறாளா?

வானகரத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மருந்து ஆய்வகத்தில் எலிக் கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் அதே வேலைதான். குட்டி போட்ட எலிகள் ஒளிந்துகொள்ள அட்டைக் குழாயும், கூடு கட்டிக்கொள்ளக் கிழித்த காகிதமும் வைப்பேன். புதுச் சத்தமோ வாசனையோ அவற்றுக்கு ஆகாது.

தெரிந்திருந்தும் ஆயுத பூசையன்று, எல்லாரும் கிளம்பிய பிறகு, கூண்டுகளுக்குப் பொட்டு வைத்து கப் சாம்பிராணி ஏற்றினேன். நல்லதுக்கென்றுதான் செய்தேன். மறுநாள் காலை மூன்று கூண்டுகளில் குட்டிகளே இல்லை. காகிதத்தில் ரத்தம் மட்டும் இருந்தது.

கூட வேலை செய்யும் துலுக்கானம் அண்ணன் மோந்து பார்த்தார். "சாம்பிராணி வாசன கீதே. பயந்துச்சுன்னா தாயே குட்டிய துன்னுடும்மா. டாக்டரு கேட்டா இன்னா சொல்லுவ?" என்றார்.

இன்று கேட்பார்கள். பெரிதாக ஒன்றும் ஆகாது, நீ கவலைப்படாதே.

உன் பழைய புடவை ஒன்றைத் தபாலில் அனுப்பு. தலைக்கு வைத்துக்கொண்டால் தூக்கம் வரும். கம்பெனி வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். குழந்தையைக் குளிப்பாட்டியதும் சாம்பிராணி மட்டும் காட்டாதே அம்மா.