அப்பா வாசித்த முடிவு

அன்பு மகளுக்கு,

படம் புத்தகம் மாதிரியே இருக்கிறதா என்று போனில் கேட்டாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அதுதான் எழுதுகிறேன்.

உன் அப்பா இறந்த பிறகு நான் வெளியே போனது இந்தப் படத்துக்குத்தான். பக்கத்து வீட்டு சுஜா கூட்டிப்போனாள். படத்தில் கடலுக்குப் போன புருஷன் வரவே இல்லை. பெண்டாட்டி விழிஞ்ஞம் கரையில் நிற்கிறாள், அதோடு முடிந்துவிட்டது. எனக்குக் கோபமான கோபம்.

"கதையைக் கெடுத்துட்டானுவளே! அவன் திரும்பி வந்து, கஞ்சியில உப்பு பத்தலைன்னு அவளைத் திட்டணும்லா?" என்றேன்.

"இல்லக்கா, புக்கிலயும் அவன் வரமாட்டான் கேட்டோ. நான் படிச்சிருக்கேன்."

நான் பூக்கட்டும்போது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு வாசித்த புத்தகம் அது. உப்பு பத்தலை என்று தினமும் என்னைத் திட்டியது யார்? எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

புத்தகம் அலமாரியில் இருக்கிறது. எழுத்துக்கூட்டி வாசிக்க எனக்கும் தெரியும். கடைசிப் பக்கத்தை மட்டும் திறக்க மனசு வரவில்லை. நீ படித்தாலும் என்னிடம் சொல்லாதே. அப்பா வாசித்ததில் அவன் வீடு வந்து சேர்ந்துவிட்டான். அப்படியே இருக்கட்டும்.

வீட்டில்தான் சத்தமே இல்லை. லீவு கிடைத்தால் வா.

உன் அம்மா