கறுப்புத் துணிக்காரி

பிப்ரவரி 4
அன்புள்ள தங்கைக்கு,

அப்பாவுக்குக் கண் போனது போதாதென்று காதும் மந்தமாகிவிட்டது. மற்றபடி சௌக்கியம்.

போன வாரம் நீ வந்து போனதிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். மறைப்பானேன்? ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே மாதிரி வியர்க்கும் கையோடு வளர்ந்தோம். பரீட்சைத் தாளுக்கு மேல் கைக்குட்டை போட்டுத்தான் இரண்டு பேரும் எழுதினோம். இப்போது நீ மட்டும் ஆபரேஷன் செய்துகொண்டு, ஆபீசில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கை கொடுக்கிறாய். தையல் கடையில் எனக்கு இன்னும் கறுப்புத் துணிதான். வெள்ளையைத் தொட்டால் முதலாளியம்மா பிடுங்கிக்கொள்கிறார்.

நானும் உன் டாக்டரிடமே ஆபரேஷனுக்கு இருபதாம் தேதி வாங்கிவிட்டேன். அப்பாவை அந்த வாரம் நீ பார்த்துக்கொள்.

எரிச்சலுடன்,
அக்கா

பிப்ரவரி 9
அன்புள்ள அக்காவுக்கு,

கொஞ்சம் பொறு. முதுகெலும்பை ஒட்டி நரம்பணுக்கள் கொத்துக் கொத்தாகத் திரண்டு, முடிச்சு மாதிரி இருக்கின்றனவாம். வியர்வை, நெஞ்சுத் துடிப்பு என்று நம்மைக் கேட்காமல் நடப்பவற்றுக்கெல்லாம் மூளையின் தகவல் அங்கேதான் கைமாறுகிறது. கைக்கான முடிச்சை எனக்கு வெட்டினார்கள். கை காய்ந்தது. அந்த வியர்வை முதுகுக்குப் போய்விட்டது. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே கூசுகிறது.

அதுகூடப் பரவாயில்லை. அன்று நீ கடைக்குப் போயிருந்தபோது அப்பா கையைப் பிடித்தேன். தடவிப் பார்த்துவிட்டு, ஊசி போட வருகிற நர்ஸ் என்று நினைத்து, "நர்ஸம்மா, என் பொண்ணுங்க வந்தா எழுப்புங்க" என்றார். "நான்தாம்பா" என்று கத்தினேன். "அவங்க கை ஈரமா இருக்கும்மா" என்று கையை உதறிவிட்டார். சாயங்காலம் நீ தொட்டதும், "பெரியவளா?" என்று சிரித்தார். பார்த்துக்கொண்டு நின்றேன்.

பொறாமை எனக்குத்தான், அக்கா.

உன்,
தங்கை

பிப்ரவரி 15
அடி தங்கச்சி,

உன் கடிதத்தை அப்பா காதோடு வாய் வைத்துச் சொன்னேன். அவர் பிடித்துக்கொண்டிருந்தது என் ஈரக் கையை என்பதால் நம்பினார். "அப்ப அந்த நர்ஸு சின்னவளா? கையை உதறிட்டேனே" என்று அழுதார். அப்புறம், "முதுகு நனையுதாமா? வரச் சொல்லு. தடவிப் பார்த்துத் தெரிஞ்சுக்கறேன்" என்றார்.

ஆபரேஷன் வேண்டாமென்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அப்பா இருக்கும்வரை கறுப்புத் துணியே தைக்கிறேன்.

ஆனால் ஒன்று. என் கையைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க, "சின்னவ எப்ப வருவா?" என்று கேட்கிறார். எனக்கு எரியாதா? சீக்கிரம் வந்து தொலை.

அக்கா