கயாக்கின் முன் இருக்கை

சூசான்,

நீ பூசையிலிருந்து வருவதற்குள் நான் ஆற்றுக்குக் கிளம்பிவிடுவேன். சோறு வடித்து வைத்திருக்கிறேன். நேற்றைய வஞ்சிரக் குழம்பைச் சுட வைத்துக்கொள். எனக்காகக் காத்திருக்காதே.

பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு வாத்தியார் முசே ரோஷே வருவார். சனிக்கிழமை பிரான்சுக்குக் கப்பல் ஏறுகிறார். அவரிடம் நான் வாங்கிய இரட்டை இருக்கைக் கயாக் படகைத் திருப்பிக் கொடுத்தால், ஒற்றை இருக்கை உள்ளதைத் தருகிறாராம். தனியாகத் துடுப்புப் போடுகிறவனுக்கு அதுதான் சரி, அகலம் குறைவு, நேராக ஓடும் என்கிறார். அது தெரியாமலா பெரியதை வாங்கினேன்?

உன்னைக் கேட்காமல் வாங்கியது என் தப்புதான். "இந்த வயசுல நான் கால நீட்டிக்கினு படகுல உக்காரணுமா, ஊரு சிரிக்காதா?" என்றாய். "உன்ன எவன் கூப்ட்டான்?" என்றேன். அது பொய். அன்றிலிருந்து பதினெட்டு நாளாக நீ என்னிடம் வாயே திறக்கவில்லை.

மாற்றுவதா வேண்டாமா என்று நீயே அவரிடம் சொல்லிவிடு. எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

சவரி

அலமாரிச் சாவி மாதா சுரூபத்துக்குப் பின்னால் இருக்கிறது.

இன்னொன்று. முன் இருக்கை காலியாக இருந்தால் கயாக் மூக்கைத் தூக்கிக்கொண்டு காற்றில் திரும்பிவிடுகிறது. வீராம்பட்டினத்துப் படகுக்காரன் குமாரவேல் சொன்னபடி அதில் ஒரு மணல் மூட்டையை வைத்திருக்கிறேன். நேற்று தண்ணீர் தெறித்தபோது அந்த மூட்டையிடம், "சேலையத் தூக்கிக்கோ, நனையப் போவுது" என்று சொல்லிவிட்டேன்.